கப்பலேறிய போர் விமானங்கள்

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைச் சாலையில் போனால், காவிரி கொண்டுவந்து சேர்த்த வண்டல் முடிந்து செம்மண் மேடு தலைகாட்டுகிற பிரதேசத்தில், இந்திய விமானப்படையின் தளம் ஒன்று இருக்கிறது. 2020ஆம் வருஷம் ஜனவரியில் சுகோய் விமானங்களைக் கொண்ட 222ஆம் படைப்பிரிவு அங்கே நிலைகொண்டது முதல், நாற்றங்காலில் குனிந்திருப்பவர்கள் வானத்து இரைச்சலைக் கேட்டு ஒருகணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குனிவது சுற்றுவட்டக் கிராமங்களில் அன்றாடக் காட்சியாகிவிட்டது. அந்தத் தளம் நேற்று முளைத்ததன்று. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷார் அமைத்தது. அன்றைக்கு அங்கிருந்து கிளம்பிய விமானங்கள் எவை, அவற்றைச் செலுத்திய படைப்பிரிவு எந்தப் போர்க்களத்திலிருந்து வந்தது, யுத்தம் முடிந்தபின் அத்தகைய விமானங்களின் கதி என்னவாயிற்று என்று விசாரிக்கப் புகுகிறவர், தஞ்சையில் தொடங்கி மலேயா, ஸ்காட்லாந்து, கான்பூர், காசி, பிகானீர் என்று நெடுந்தூரம் சுற்றிவர வேண்டியிருக்கும். பழைய போர் விமானங்களின் சிதைவுகளை அந்நிய மண்ணில் தேடிக் கண்டெடுத்து, தாய்நாட்டுக்குக் கொண்டுபோய்ச் செப்பனிடும் முயற்சி மேல்நாடுகளில் ஒரு தனிச் சாஸ்திரமாகவே வளர்ந்திருக்கிறது. அந்தச் சாஸ்திரத்தின் மிக அபூர்வமான அத்தியாயங்கள் சில நம் தேசத்து மண்ணில் நிகழ்ந்தவை.

முதலில் தஞ்சாவூரின் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1942 அக்டோபரில் பிரிட்டிஷ் விமானப்படையின் 36ஆம் படைப்பிரிவு தஞ்சாவூரில் புதிதாகத் திரட்டப்பட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அந்தப் படைப்பிரிவு கீழ்த்திசையில் முற்றாக அழிந்துபோயிருந்தது. சிங்கப்பூரில் இருந்தபோது அதனிடம் பெரும்பாலும் வில்டபீஸ்ட் என்னும் இரட்டை இறக்கை விமானங்களே இருந்தன. மெதுவாகப் பறக்கிற, யுத்தம் வருவதற்கு முன்பே காலாவதியாகிவிட்ட யந்திரங்கள். 1942 ஜனவரி 26ஆம் தேதி மலேயாவின் கீழ்க்கரையில் எண்டாவ் என்னுமிடத்தில் ஜப்பானியர் படை இறக்கியபோது, அந்த விமானங்களைப் பட்டப்பகலில் எதிரியின் வேகமான சண்டை விமானங்களுக்கு நேரே அனுப்பிவைத்தார்கள். போனவற்றில் பல திரும்பவில்லை. மிஞ்சியவை ஜாவாவுக்குப் போயின. மார்ச் மாதத்தில் ஜாவாவும் வீழ்ந்தது. படைப்பிரிவு என்ற ஒன்றே இல்லாமற்போயிற்று. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போன நம் சீமை ஜனங்கள் அதே மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் அகப்பட்டுத் தவித்த சமயம் அது. அவர்களில் எத்தனையோ பேரைச் சயாம் ரயில்பாதை வேலைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். போனவர்களில் பெரும்பகுதியினரைப் பற்றி ஊருக்குக் கடிதம்கூட வரவில்லை. மலேயாவில் மாண்ட ஒரு படைப்பிரிவு மீண்டும் உயிர்பெறுவதற்கு, மலேயாவுக்குத் தன் மக்களைக் கொடுத்த தஞ்சாவூரே இடமாக வாய்த்தது என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் கனத்துப்போகிறது.

வங்காள விரிகுடாவின் மீது காவல் பறப்பதே அந்தப் படைப்பிரிவுக்கு இடப்பட்ட வேலை. 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கடற்படை கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கி, விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டு, விரிகுடாவில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை ஒரு சில நாட்களுக்குள் மூழ்கடித்துவிட்டுப் போயிருந்தது. சென்னைப் பட்டணம் பாதி காலியாயிற்று. பட்டணத்திலிருந்து புறப்பட்ட குடும்பங்கள் கும்பகோணத்திலும் மாயவரத்திலும் உறவினர் வீடுகளில் வந்து தங்கின. ரங்கூன் விழுந்துவிட்டபடியால் பர்மா அரிசி நின்றது. நெல் மிகுந்த ஜில்லாவாகிய தஞ்சாவூரின் மேல் ராஜதானி முழுவதன் பசியும் வந்து கவிந்தது. அந்த நெருக்கடியான நாட்களில்தான் உளுந்தூர்பேட்டை, சோழவரம், செட்டிநாடு, கயத்தாறு, உச்சிப்புளி என்று தமிழ்நாடெங்கும் யுத்தகால ஓடுபாதைகள் எழுந்தன. அவற்றில் ஒன்றாகிய தஞ்சாவூர்த் தளத்துக்கு வந்துசேர்ந்தவை வெல்லிங்டன் என்னும் இரட்டை எஞ்சின் விமானங்கள். நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடி அவை கடல்மேல் மணிக்கணக்காகச் சுற்றிவந்தன.

வெல்லிங்டன் என்பது சாமானியமான விமானமன்று. பார்ன்ஸ் வாலிஸ் என்னும் பொறியியல் மேதை, தட்டையான உலோகத் தகடுகளுக்குப் பதிலாகக் குறுக்கும் மறுக்குமாகப் பின்னிய இலேசான உலோகப் பட்டைகளால் அதன் உடலை அமைத்து மேலே துணியைப் போர்த்தினார். குண்டுபட்டு உடலில் பெரிய ஓட்டை விழுந்தாலும், கூடை பின்னினாற்போன்ற அந்த அமைப்பு பாரத்தை மற்றப் பட்டைகளுக்குப் பகிர்ந்துகொடுத்து, விமானத்தை வீடுகொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட வெல்லிங்டன்கள் கட்டப்பட்டன. இன்று உலகத்தில் உருப்படியாக எஞ்சியிருப்பவை இரண்டே இரண்டு. இரண்டும் இங்கிலாந்தில் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று நீருக்கடியிலிருந்து மீட்கப்பட்டது. 1940 டிசம்பர் 31ஆம் தேதி பயிற்சிப் பறப்பில் எஞ்சின் கோளாறு ஏற்பட்டு, ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் இறக்கப்பட்ட அந்த விமானம், முப்பத்தைந்து வருஷம் எவர் கண்ணிலும் படாமல் அந்தக் குளிர்ந்த இருட்டிலேயே கிடந்தது. அந்த ஏரியில் இருப்பதாக நம்பப்படும் அதிசய விலங்கை ஒலியலைக் கருவிகொண்டு தேடிய ஒரு குழுவினரே 1976இல் அதைக் கண்டுபிடித்தார்கள். 1985 செப்டம்பரில் அதை மேலே தூக்கினார்கள். இப்போது அது தான் பிறந்த ப்ரூக்லண்ட்ஸ் தொழிற்சாலை வளாகத்திலேயே, மியூசியத்தில் இருக்கிறது. தஞ்சாவூர் வானத்தில் பறந்த விமானங்களின் வடிவம் எப்படி இருந்ததென்று ஒருவர் கண்ணால் காண விரும்பினால், இங்கிலாந்துக்குத்தான் போகவேண்டும். 36ஆம் படைப்பிரிவு 1943இல் வட ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டது.

பதினோராயிரத்தில் இரண்டுதான் மிஞ்சின என்பது வெல்லிங்டனுக்கு மட்டும் நேர்ந்த விதியன்று. யுத்தம் ஓய்ந்த மறுகணமே மேல்நாடுகளில் போர் விமானங்களை வரிசையாக நிறுத்தி, வெட்டி, உருக்கினார்கள். அலுமினியத்துக்கு அத்தனை தேவை இருந்தது. யுத்தத்தை நினைவூட்டும் எதையும் பார்க்கச் சகியாத மனநிலையும் இருந்தது. முப்பது வருஷங்களுக்குப் பிறகு, அந்த விமானங்களை ஓட்டியவர்களுக்கு வயதாகி, அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தகப்பன்மாரின் கதையை அறியும் ஆவல் பிறந்தபோது, காட்டுவதற்கு விமானம் இல்லை. அப்போதுதான் உலகமெங்கும் தேடத் தொடங்கினார்கள்: நியூகினித் தீவின் காடுகளில், ரஷ்யாவின் ஏரிகளில், கிரீன்லாந்தின் பனிக்கட்டிக்கு அடியில். எதையும் எளிதில் தூக்கியெறியாத நம் தேசத்துக்கும் அவர்கள் வந்தார்கள்.

கான்பூரில் நடந்ததைக் கேளுங்கள். லிபரேட்டர் என்னும் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்களை அமெரிக்கா பிரிட்டனுக்குக் கடனாகக் கொடுத்திருந்தது. யுத்தம் முடிந்ததும், ஒப்பந்தப்படி அவற்றைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் அல்லது எவருக்கும் பயன்படாதபடி அழித்துவிடவேண்டும். கான்பூரில் குவிந்திருந்த லிபரேட்டர்களைப் பிரிட்டிஷார் சிதைத்துவிட்டுப் போனார்கள்; எஞ்சின்களுக்குள் மணலைக் கொட்டினார்கள், கருவிகளை உடைத்தார்கள், உடல்களை நசுக்கினார்கள். சுதந்திரம் வந்து, காஷ்மீர் யுத்தமும் மூண்டு, கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லாமல் நம் விமானப்படை நின்ற வேளையில், பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்காரர்கள் அந்தக் குப்பைமேட்டுக்குப் போய், ஒன்றின் இறக்கையையும் மற்றொன்றின் வாலையும் இன்னொன்றின் எஞ்சினையும் சேர்த்து, ஒவ்வொன்றாகப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். அப்படி ஒட்டுப்போட்ட விமானங்களைக் கான்பூரிலிருந்து பெங்களூருக்குத் தனியொருவராகப் பொறுப்பேற்று ஓட்டிவந்து சேர்த்த விமானியின் பெயர் ஜாம்ஷெட் கைகோபாத் முன்ஷி. அந்தப் பெயரை நம் பாடப்புத்தகம் எதிலும் நான் கண்டதில்லை, கண்டிருக்கவேண்டும். நாற்பதுக்கும் மேற்பட்ட லிபரேட்டர்கள் அவ்விதம் உயிர்பெற்று, 1948 முதல் 1968 வரை இருபது வருஷம் நம் விமானப்படையில் பணிசெய்தன. அமெரிக்காவில் பதினெண்ணாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்ட அந்த விமான வகை, அமெரிக்காவிலேயே அநேகமாக இல்லாமற்போயிருந்தது. ஆகவே நம் படையிலிருந்து ஓய்வு பெற்றவற்றைக் கனடாவும் அமெரிக்காவும் பிரிட்டனும் கேட்டு வாங்கிக்கொண்டன; இன்று உலக மியூசியங்களில் நிற்கும் லிபரேட்டர்களில் கணிசமானவை கான்பூர்க் குப்பைமேட்டிலிருந்து எழுந்தவை. கைவிடப்பட்டுக் கிடந்த ஒன்றை 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்காரர் ஒருவர் வாங்கிக் கொண்டுபோக, அது கடைசியில் அமெரிக்காவில் காலிங்ஸ் அறக்கட்டளையின் கைக்கு வந்து, 1989இல் மறுபடியும் பறந்தது.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தை அதிகமாகக் கவர்ந்தது காசி ஹிந்து சர்வகலாசாலையில் கிடந்த ஹரிக்கேன் விமானத்தின் கதை. பீட்டர் வேச்சர் என்னும் ஆங்கிலேயர் பழைய ரோல்ஸ் ராய்ஸ் கார்களில் மோகம் கொண்டவர். நம் சமஸ்தானாதிபதிகள் வைத்திருந்த அத்தகைய கார்களைத் தேடி இந்தியாவுக்கு வந்தவர். 1982இல் காசிக்குப் போனபோது, சர்வகலாசாலை வளாகத்தில் வெட்டவெளியில் ஒரு போர் விமானம் நிற்பதைக் கண்டார். யுத்தம் முடிந்தபின், பொறியியல் மாணவர்கள் விமானத்தின் உறுப்புகளைத் தொட்டுப் பார்த்துப் படிப்பதற்காக 1947இல் அங்கே கொடுக்கப்பட்ட விமானம் அது. முப்பத்தைந்து மழைக்காலங்களையும் முப்பத்தைந்து கோடைகளையும் பார்த்துவிட்டது. துணி போயிற்று, மரம் உளுத்தது, இருந்தும் எஃகுக் குழாய்களாலான எலும்புக்கூடும் மெர்லின் எஞ்சினும் அதனிடமே இருந்தன. வேச்சர் ஊருக்குப் போனபின்னும் அந்தக் காட்சி அவரை விடவில்லை. விமானத்தின் எண்ணை வைத்துப் பழைய படைக் குறிப்பேடுகளில் தேடியபோது, அது எது என்று தெரியவந்தது: ஆர் 4118.

1940 ஆகஸ்டில் 605ஆம் படைப்பிரிவுக்கு வந்த விமானம் அது. ஜெர்மானிய விமானங்கள் லண்டனைத் தினந்தோறும் தாக்கிய அந்தச் சரத்காலத்தில், 49 முறை போருக்கு எழும்பியிருக்கிறது. எதிரி விமானங்கள் ஐந்தை வீழ்த்தியதில் அதற்குப் பங்குண்டு. அடிபட்டுத் தேறி, பயிற்சிப் பள்ளியில் இருந்து, 1943 டிசம்பரில் கப்பலில் ஏற்றப்பட்டு இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. இங்கே அது போரிடவில்லை. பிரிட்டனின் உயிர்ப்போராட்டத்தில் பங்குகொண்ட ஹரிக்கேன்களில் உலகத்தில் மிஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றில் ஒன்று, அந்தப் போரை நடத்தியவர்கள் ஒருவருக்கும் தெரியாமல், கங்கைக்கரையில் மாணவர்களுக்கு ஆசிரியனாக இருந்து வந்திருக்கிறது. வேச்சர் பல வருஷங்கள் கடிதமெழுதியும் நேரில் வந்தும், சர்வகலாசாலையின் சம்மதத்தையும் ஏற்றுமதி அனுமதியையும் பெற்று, 2001இல் அதைப் பிரித்துப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றினார். இங்கிலாந்தில் மூன்று வருஷ வேலை நடந்தது. பழைய உறுப்புகளில் எவையெல்லாம் பாரம் தாங்குமோ அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, தாங்காதவற்றை மட்டும் பழைய வரைபடங்களின்படி புதிதாகச் செய்தார்கள். 2004 டிசம்பர் 23ஆம் தேதி ஆர் 4118 மறுபடியும் வானத்தில் எழுந்தது. 1940இல் அதே விமானத்தில் ஏறிப் போரிட்ட பாப் ஃபாஸ்டர் அப்போது உயிரோடிருந்தார். கிழப்பருவத்தில் தம் விமானத்தை மறுபடியும் பார்க்கும் பாக்கியம் அவருக்குக் கிடைத்தது.

இதைப் படிக்கிற தஞ்சை வாசகருக்கு ஒரு சங்கடமான கேள்வி எழும், எழவேண்டியதும்தான். நம் ஊர்க் கோயில்களிலிருந்து எத்தனையோ பஞ்சலோக மூர்த்திகள் கடல்கடந்து போயின. அவற்றைத் திரும்பக் கொண்டுவர நாம் பட்ட பாடு சொல்லி முடியாது. பத்தூர் நடராஜர் 1976இல் மண்ணிலிருந்து வெளிப்பட்டு, கைமாறி லண்டனுக்குப் போய், ஒரு கனடாக் கம்பெனியின் உடைமையாக இருந்தார். பத்தூர்க் கோயிலே வழக்காளியாக நின்று லண்டன் நீதிமன்றத்தில் 1988இல் வென்றது. மேல்முறையீட்டிலும் வென்ற பிறகு, 1991இல் அவர் தாயகம் திரும்பினார். கொள்ளிடத்துக்கு வடக்கே ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடப்பட்ட நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிவைத்திருந்தது; 2014இல் அந்நாட்டுப் பிரதமரே டில்லிக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தார். இப்படியிருக்க, காசியிலிருந்த ஹரிக்கேன் கப்பலேறியதை மட்டும் நாம் மெச்சலாமா?

நான் நெடுநாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். மூர்த்திகள் திருடிக்கொண்டு போகப்பட்டவை, தெய்வம் விற்பனைக்குரியதன்று, வழிபடுகிற ஊர் அங்கே காத்திருந்தது. ஹரிக்கேனோ உடையவரின் சம்மதத்தோடும் அரசாங்கத்தின் அனுமதியோடும் போயிற்று. இங்கே அதற்கு உயிர்கொடுக்க எவரும் முன்வரவில்லை. இன்னும் பத்துப்பதினைந்து வருஷம் கிடந்திருந்தால் காயலான் கடைக்குத்தான் போயிருக்கும். அது பிறந்த மண்ணுக்கே போனதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் இரண்டு சம்பவத்திலும் பொதுவாக ஓர் உண்மை இருக்கிறது. அதை நாம் கவனிக்கத் தவறுகிறோம். ஸ்ரீபுரந்தான் நடராஜர் நம்முடையவர் என்று நிரூபித்தது எது? பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார் நம் கோயில்தோறும் போய் எடுத்துவைத்த புகைப்படம். காசியில் நின்ற துருப்பிடித்த கூடு ஆர் 4118தான் என்று நிரூபித்தது எது? எந்த நாளில் எந்த விமானி எந்த விமானத்தில் எழும்பினான் என்று யுத்தத்தின் நடுவிலும் ஒருநாள் விடாமல் எழுதிவைத்த படைக் குறிப்பேடு. பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஹரிக்கேன்கள் கட்டப்பட்டன. குறிப்பேடு இல்லாவிட்டால் காசியில் நின்றது பெயரற்ற ஒரு பழைய இரும்பு. சிதைவுக்கு உயிரும் விலையும் கொடுப்பது காகிதம்தான்.

பிகானீரில் கிடந்த விமானங்களின் கதை காசி ஹரிக்கேனின் கதையைவிடப் பழையது. முதல் உலக யுத்தம் முடிந்ததும், பிரிட்டன் தன் வசம் மிகுந்துபோன விமானங்களில் நூறை இந்தியாவுக்கு நன்கொடையாக அனுப்பியது. அவற்றில் டி.எச். 9 என்னும் மரத்தாலான குண்டுவீச்சு விமானங்கள் சில, யுத்தத்தில் பிரிட்டனுக்குத் துணைநின்ற பிகானீர் மகாராஜா கங்காசிங்குக்குக் கிடைத்தன. காலக்கிரமத்தில் அவை ஜுனாகட் கோட்டையின் யானைக் கொட்டாரத்தில் போடப்பட்டு, அம்பாரிகளோடு அம்பாரியாகக் கிடந்தன. மரத்தைக் கரையான் தின்றது. உலோகப் பாகங்களும் சிற்சில மரப் பாகங்களும் தப்பின. கை பிளாக் என்னும் ஆங்கிலேய நிபுணர் அவற்றை விலைபேசி வாங்கி 2000ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். ஒன்றைச் செப்பனிட்டு 2007இல் டக்ஸ்ஃபோர்டிலுள்ள இம்பீரியல் யுத்த மியூசியத்தில் வைத்தார்கள்; மற்றொன்று 2019இல் பறந்தது. மூன்றாவது பிகானீர்க் கோட்டையிலேயே காட்சிக்கு இருக்கிறது. இங்கே சட்டத்தை ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 1972ஆம் வருஷத்துப் பழம்பொருள் சட்டம் பொதுவாக நூறு வருஷம் நிறைந்த பொருளையே பழம்பொருள் என்று கொள்கிறது. 2000இல் கோட்டையிலிருந்து போன விமானத்துக்கு நூறு நிறையவில்லை. இன்றைக்குப் பிகானீரில் இருக்கும் மூன்றாவதற்கு நிறைந்துவிட்டது. 1940இல் பிறந்த ஹரிக்கேன் போன்றவற்றுக்கு 2040இல்தான் நிறையும். அதற்குள் நம் கல்லூரி முற்றங்களிலும் கிடங்குகளிலும் எஞ்சியிருப்பவற்றை அறிந்து எழுதிவைத்துக்கொள்ளாவிட்டால், சட்டம் காப்பதற்குப் பொருளே மிஞ்சாது.

கல்லூரி முற்றங்கள் என்று சொன்னேன். கொடுத்துவைத்த ஒரு முற்றம் நம் தமிழ்நாட்டிலேயே இருந்தது. திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் படித்துவிட்டு, குரோம்பேட்டையில் சி. ராஜம் ஸ்தாபித்த எம்.ஐ.டி. என்னும் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த ராமேசுவரத்து இளைஞர் ஒருவர், அங்கே மாணவர்களுக்குக் காட்டுவதற்காக நிறுத்தியிருந்த ஓய்வுபெற்ற இரண்டு விமானங்களைக் கண்டு வசப்பட்டார். மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போனபின்னும் நெடுநேரம் அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாராம். தம் சுயசரிதையில் அப்துல் கலாம் இதை நன்றியோடு சொல்லியிருக்கிறார். மேல்நாட்டில் உருக்கு உலைக்குப் போன விமானங்கள் நம் தேசத்தில் பாடசாலைக்குப் போயின. காசியிலும் அதுதான் நடந்தது, குரோம்பேட்டையிலும் அதுதான் நடந்தது. பழைய போர் விமானங்களை இந்தியர் கவனிக்காமல் போட்டுவிட்டார்கள் என்று எழுதும் அந்நிய எழுத்தாளர்கள் இந்தப் பக்கத்தையும் எழுதினால் நியாயமாக இருக்கும்.

குறிப்பேடு இல்லாமல் தேடப் போனவர்களின் அனுபவத்தைப் பர்மாவில் பார்த்தோம். யுத்த முடிவில் நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர் விமானங்களைப் பிரிட்டிஷார் பெட்டியோடு ரங்கூன் மிங்கலடோன் விமான நிலையம் முதலான இடங்களில் புதைத்துவிட்டுப் போனார்கள் என்று டேவிட் கண்டால் என்னும் ஆங்கிலேய விவசாயி நம்பினார். பல வருஷங்களும் பெரும்பொருளும் அதற்கே செலவிட்டார். பிரிட்டிஷ் பிரதமர்கூட அந்த விஷயத்தைப் பர்மா அரசாங்கத்திடம் பேசினார். 2013 ஜனவரியில் நிபுணர்கள் போய்த் தோண்டிப் பார்த்தார்கள். விமானம் ஒன்றும் அகப்படவில்லை. புதைத்தோம் என்று சொன்னவர்களின் ஞாபகம் இருந்ததே தவிர, புதைத்ததாக ஒரு கட்டளைத்தாளோ ஒரு கணக்கோ இருக்கவில்லை.

உலோகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது ஒருவகையில் பாவம். விழுந்த விமானத்தில் பெரும்பாலும் மனிதர் இருந்தார்கள். இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்குச் சாமான் ஏற்றிச்சென்ற அமெரிக்க விமானங்கள் நூற்றுக்கணக்கில் அஸ்ஸாம், அருணாசல மலைகளில் விழுந்தன. 1944 ஜனவரி 25ஆம் தேதி காணாமற்போன லிபரேட்டர் ஒன்று, அருணாசலத்தின் டம்ரோ கிராமத்துக்கு மேலே மலைச்சரிவில் கிடந்தது 2006இல் தெரியவந்தது. அதில் எட்டுப் பேர் இருந்தார்கள். உள்ளூர் ஜனங்களுக்கு அந்த இடம் முன்பே தெரியும். கேட்பதற்குத்தான் யாரும் வரவில்லை. அங்கே கிடைத்த அஸ்தியை இந்திய அரசாங்கத்தின் ஒத்தாசையோடு அமெரிக்கர் எடுத்து, 2016இல் மரியாதையோடு தாய்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். பிரிட்டனில் விழுந்த விமானத்தை, அது யாருடைய வயலில் கிடந்தாலும், அனுமதியின்றித் தோண்டக்கூடாதென்று 1986இல் சட்டம் செய்திருப்பதும் மாண்டவர்களை உத்தேசித்தே. அந்த வயல்களில் விழுந்த சில விமானங்களுக்கும் நமக்கும் பந்தமுண்டு. சென்னை ராஜதானியின் யுத்த நிதி வாங்கிக்கொடுத்த விமானங்களுக்கு நன்றியாக, பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264 ஆகிய மூன்று படைப்பிரிவுகளுக்குச் சென்னை ராஜதானி என்ற பெயரைச் சூட்டினார்கள். அந்த நிதிக்கு ஜில்லாதோறும் வசூலித்தார்கள். நெல் விற்ற பணமும் அதில் போயிருக்கும். பிரியமாகக் கொடுத்தவர்களும் இருந்தார்கள், கலெக்டருக்குப் பயந்து கொடுத்தவர்களும் இருந்தார்கள்.

அந்நிய மண்ணிலிருந்து நாமே மீட்டுவந்த விமானமும் ஒன்று இருக்கிறது. 1947 அக்டோபர் 27ஆம் தேதி, காஷ்மீரைக் காக்க முதல் சீக்கியப் படைப்பிரிவை ஸ்ரீநகரில் கொண்டுபோய் இறக்கியவை டக்கோட்டா விமானங்கள். அத்தகைய டக்கோட்டா ஒன்று வெளிநாட்டில் பழைய இரும்பாகப் போகவிருந்ததை, டக்கோட்டா விமானியின் புதல்வரான ராஜீவ் சந்திரசேகர் 2011இல் வாங்கினார். பிரிட்டனில் செப்பனிடச் செய்து, 2018இல் நம் விமானப்படைக்குக் காணிக்கையாக்கினார். ஸ்ரீநகரில் இறங்கிய விமானத்தின் எண்ணாகிய வி.பி. 905ஐ அதன் வாலில் எழுதி, பரசுராமன் என்று பெயரிட்டார்கள். ஐரோப்பாவிலிருந்து கடலும் பாலைவனமும் கடந்து தன் இறக்கையிலேயே அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. இப்படி ஒருவர் செய்தார் என்று அறியும்போது, இது நம்மால் ஆகாத காரியமன்று என்ற தெம்பு உண்டாகிறது.

தஞ்சாவூரில் மீட்பதற்கு விமானம் இல்லை. வெல்லிங்டன்கள் போய்விட்டன, இருக்கும் இரண்டையும் எந்த மியூசியமும் நமக்குத் தராது. ஆனால் 36ஆம் படைப்பிரிவின் நாள்வாரிக் குறிப்பேடு லண்டனுக்கருகே கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், ஏ.ஐ.ஆர். 27 என்னும் வரிசையில் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து எந்த நாளில் எத்தனை விமானம் எழும்பியது, எது திரும்பவில்லை, விரிகுடாவில் என்ன கண்டார்கள் என்பதெல்லாம் அத்தகைய ஏடுகளில் எழுதிவைக்க வேண்டிய விஷயங்கள். பிரதி கேட்டால் காசு வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கடல்சார் வரலாற்றுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. 1942 அக்டோபர் முதல் படைப்பிரிவு தஞ்சையை விட்டுப் போனது வரையிலான பக்கங்களை வரவழைத்துத் தமிழில் பெயர்த்து வெளியிட அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. அந்த ஓடுபாதைக்கு மண் சுமந்தவர்களையும், விமானம் வந்திறங்கியதைச் சிறுவயதில் வேலி ஓரம் நின்று பார்த்தவர்களையும் தேடினால், தொண்ணூறைத் தாண்டிய ஓரிருவர் சுற்றுவட்டக் கிராமங்களில் இன்னும் இருக்கக்கூடும். குறிப்பேட்டுக்கு முன்னதாக அவர்களிடம் போகவேண்டும். கியூவில் இருக்கும் காகிதம் காத்திருக்கும்.